உலக சுகாதார அமைப்புகளுக்கு வரிப்பணம்: செவ்வியல் தாராளவாதிகளிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2026 ஜனவரி 22 அன்று அமெரிக்கா உலக சுகாதார நிறுவனத்தை விட்டு வெளியேறியது. அதற்கு முந்தைய ஆண்டு பிப்ரவரியில் அர்ஜென்டினாவும் விலகப்போவதாக அறிவித்திருந்தது. இரண்டு இடத்திலும் சுதந்திரம், மக்கள் பணம் என்ற பேச்சு நிறையவே அடிபட்டது. அதிலிருந்து, தாராளவாதம் பேசும் யாரைப் பார்த்தாலும் “நீங்களும் அதை இழுத்து மூடச் சொல்கிறவர்தானே?” என்று கேட்கிறார்கள். சுருக்கமான பதில்: இல்லை. நீளமான பதில் கீழே இருக்கிறது.

யாரைச் செவ்வியல் தாராளவாதிகள் என்கிறீர்கள்?

ஆடம் ஸ்மித், ஜான் ஸ்டூவர்ட் மில், தடையற்ற வணிகத்துக்காகப் போராடிய ரிச்சர்ட் காப்டன், பிறகு 20ஆம் நூற்றாண்டில் ஹயெக், மில்டன் ஃப்ரீட்மன், ஜேம்ஸ் புக்கானன் என்று ஒரு வரிசை உண்டு. நம் பக்கத்தில் 1959-ல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கிய ராஜாஜியும் மினூ மசானியும் இந்த வகையில் வருவார்கள். அரசுக்கு வேலை உண்டு, அந்த வேலைக்கு எல்லையும் உண்டு, வரி வாங்கினால் கணக்குச் சொல்ல வேண்டும் என்பவர்கள் இவர்கள். அரசே கூடாது என்பவர்கள் வேறு. அவர்களிடம் கேட்டிருந்தால் இந்தப் பக்கம் ஒரே வரியில் முடிந்திருக்கும்.

அரசு சுருங்க வேண்டும் என்றும் சொல்கிறார்கள், நோய்த்தடுப்புக்கு அரசுப் பணத்தையும் ஏற்கிறார்கள். முரணாக இல்லையா?

ஸ்மித் 1776-ல் எழுதியதைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. மக்களிடையே கோழைத்தனம் பரவ விடக்கூடாது, அது அரசின் கவலை என்று சொல்ல வருகிறார். அந்த இடத்தில், தொழுநோய் போன்ற ஒன்று பரவாமல் தடுப்பதில் அரசு எவ்வளவு அக்கறை காட்ட வேண்டுமோ அவ்வளவு அக்கறை இதிலும் வேண்டும் என்கிறார். நோய்ப்பரவலைத் தடுப்பது அரசின் வேலை என்பதை அவர் வாதிடவே இல்லை என்பதைக் கவனியுங்கள். எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம் என்று எடுத்துக்கொண்டு, அதை வைத்து இன்னொன்றை நிரூபிக்கப் பார்க்கிறார். இருநூறு ஆண்டு கழித்து ஹயெக்கும், வன்முறை, வெள்ளம், கொள்ளைநோய் ஆகியவற்றிலிருந்து காப்பதைச் சந்தையால் போதுமான அளவு தர முடியாத சேவைகளின் பட்டியலில் வைத்தார்.

காரணம் எளிது. காலரா வந்தவர் பொதுக் கிணற்றைக் கெடுத்தால் ஊரே படுக்கும். இதை ஃப்ரீட்மன் அக்கம்பக்க விளைவு என்றார். பிறருக்குத் தீங்கு வரும் இடத்தில்தான் அரசு தலையிடலாம் என்று மில் போட்ட கோட்டுக்குள் இது அடங்கும். எனக்குச் சர்க்கரை வியாதி வந்தால் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒட்டாது. கீழே வரும் எல்லாப் பதில்களும் இந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டுதான் போகின்றன.

உள்நாட்டுக்குச் சரி. ஜெனீவாவில் இருக்கும் ஓர் அமைப்புக்கு ஏன் பணம் அனுப்ப வேண்டும்?

கப்பலுக்காகத்தான் இது தொடங்கியது. 1851-ல் பாரிசில் 12 நாடுகள் கூடின. ஒவ்வொரு நாடும் ஒரு மருத்துவரையும் ஒரு தூதரையும் அனுப்பியது. காலராவைக் காரணம் காட்டி ஒவ்வொரு துறைமுகமும் தன் இஷ்டத்துக்குக் கப்பல்களை வாரக்கணக்கில் நிறுத்தி வைத்தது. எந்த ஊரில் எத்தனை நாள் என்று யாருக்கும் தெரியாது. சரக்கு அழுகும், வியாபாரி திவாலாவார். எல்லோருக்கும் ஒரே விதி வேண்டும் என்று பேச உட்கார்ந்தவர்களால், காலரா ஒட்டுவாரொட்டியா இல்லையா என்பதையே முடிவு செய்ய முடியவில்லை. முதல் உருப்படியான ஒப்பந்தம் வர 1892 ஆகிவிட்டது.

தடையற்ற வணிகம் பேசியவர்களின் அக்கறை இங்கே தெளிவாகத் தெரியும். நோயும் வரக்கூடாது, நோயைச் சாக்கு வைத்து வணிகத்தையும் மறிக்கக்கூடாது. இரண்டையும் ஒரு நாடு தனியாகச் செய்ய முடியாது. எங்கே என்ன நோய் கிளம்பியிருக்கிறது என்ற தகவலை எல்லோரும் ஒரே இடத்தில் போட்டு, ஒரே அளவுகோலில் பார்க்க வேண்டும். அந்தத் தகவல் மையத்துக்குக் காசு கொடுப்பதைக் காப்டன் வழி வந்தவர் எதிர்க்கக் காரணமில்லை.

பலன் கிடைத்ததற்கு ஓர் உதாரணம் சொல்லுங்கள்.

பெரியம்மை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டு பக்கத்தாரும் இதைத்தான் தங்கள் சாட்சியாகக் கூப்பிடுகிறார்கள்.

ஒழிக்கலாம் என்ற யோசனையை 1958-ல் கொண்டுவந்தது சோவியத் ஒன்றியம். அப்புறம் எட்டு ஆண்டுகள் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. 1966-ல் இதற்கென்று ஆண்டுக்கு 24 லட்சம் டாலர் தனி ஒதுக்கீடு கேட்டபோது, உறுப்பு நாடுகளின் பேரவையில் அது வெறும் இரண்டு ஓட்டில்தான் தேறியது. நிறுவனத்தின் தலைமை இயக்குநருக்கே அதில் நம்பிக்கை இல்லை. 1967-ல் அமெரிக்க மருத்துவர் டி. ஏ. ஹெண்டர்சன் திட்டத்தின் பொறுப்பேற்றார். 1977 அக்டோபரில் சோமாலியாவின் மெர்க்கா ஊரில், அலி மாவ் மாலின் என்ற மருத்துவமனைச் சமையல்காரரோடு இயற்கையான பரவல் முடிந்தது. 1980 மே 8 அன்று உலகம் விடுபட்டதாக அறிவித்தார்கள்.

மொத்தச் செலவு சுமார் 30 கோடி டாலர். அதில் வெளிநாடுகள் கொடுத்தது மூன்றில் ஒரு பங்குதான், 10 கோடிக்கும் கொஞ்சம் குறைவு. மீதியை நோய் இருந்த நாடுகளே போட்டன. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்களே, இது அளந்து போட்ட பணம். ஒரு நோய், ஒரு இலக்கு, முடிந்ததா இல்லையா என்று யாரும் சரிபார்க்கக்கூடிய முடிவு, முடிந்ததும் திட்டத்துக்கு மூடுவிழா. அறுபதைத் தாண்டியவர்களின் கையில் அந்தத் தடுப்பூசித் தழும்பு இருக்கும். பேரப்பிள்ளைகள் கையில் இருக்காது.

தாராளவாதிகள் இதில் இன்னும் இரண்டைச் சேர்த்துச் சொல்வார்கள். மருந்தைத் தொட்டுக் குத்தும் இரட்டைமுனை ஊசியைக் கண்டுபிடித்தது வயத் என்ற தனியார் மருந்து நிறுவனம். காப்புரிமைத் தொகை வேண்டாமென்று அந்த நிறுவனம் விட்டுக்கொடுத்தது. அதே சமயம், 1970களில் இந்தியாவிலும் வங்கதேசத்திலும் மறுத்தவர்களை வீடு புகுந்து பிடித்து ஊசி போட்ட சம்பவங்களும் நடந்தன. வெற்றிக் கதையைச் சொல்பவர்கள் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள்.

இப்போது உலக சுகாதார நிறுவனத்துக்குப் பணம் எப்படி வருகிறது?

இரண்டு வழி. ஒன்று, உறுப்பு நாடுகள் கட்டியே ஆக வேண்டிய சந்தா. நாட்டின் வருமானத்தையும் மக்கள்தொகையையும் வைத்துப் பங்கு பிரிப்பார்கள். எந்த நாடும் 22 சதவீதத்துக்கு மேல் கட்ட வேண்டியதில்லை. அமெரிக்கா அந்த உச்சவரம்பில் இருந்தது. இரண்டாவது, விருப்ப நிதி. நாடுகளும் அறக்கட்டளைகளும் தாமாகக் கொடுப்பது, பெரும்பாலும் இன்ன வேலைக்கு மட்டும் என்று கட்டிக் கொடுப்பது.

பல ஆண்டுகளாகச் சந்தாவிலிருந்து வந்தது பட்ஜெட்டில் ஐந்தில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை. இதை அடிப்படை பட்ஜெட்டில் பாதியாக உயர்த்துவது என்று 2022-ல் கொள்கையளவில் முடிவெடுத்தார்கள். 2025 மே மாதம் சந்தாவை 20 சதவீதம் கூட்டினார்கள். அதே கூட்டத்தில், 2026-27க்கு முதலில் திட்டமிட்ட 530 கோடி டாலரை 420 கோடியாக வெட்டவும் செய்தார்கள்.

விருப்பப்பட்டுக் கொடுப்பதுதானே தாராளவாதிக்குப் பிடிக்க வேண்டும்? கட்டாயச் சந்தா பிடிக்கக்கூடாதே?

பெரும்பாலானவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள், தாராளவாதிகள் உட்பட.

அடுக்குமாடிக் குடியிருப்பில் மாதப் பராமரிப்புக் கட்டணம் எல்லோரும் கட்ட வேண்டும். தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவது அதில் வரும். இரண்டு பேர் மட்டும் கூடுதலாகப் பணம் போட்டு, “பூங்கா மட்டும் செய்யுங்கள்” என்றால் சங்கச் செயலாளர் பூங்காவில்தான் நிற்பார். தொட்டி பாசி பிடிக்கும். ஜெனீவாவில் நடந்தது இதுதான். நோய்க் கண்காணிப்பும் அவசரக்கால ஏற்பாடும் தொட்டி கழுவும் வேலை. அதற்குப் பெயர்ப்பலகை வைக்க முடியாது, அதனால் கட்டிக் கொடுக்க ஆள் வருவதில்லை. கேட்ஸ் அறக்கட்டளை பல ஆண்டுகள் இரண்டாவது பெரிய நன்கொடையாளராக இருந்தது. அந்தப் பணத்தில் பெரும்பகுதி போலியோவுக்கு. போலியோ ஒழிப்பு நல்ல காரியம்தான். ஆனால் ஓர் அமைப்பின் முன்னுரிமையை யார் தீர்மானிக்கிறார்கள் என்ற கேள்வி அதனால் மறைந்துவிடாது.

பொருளாதார அறிஞர்கள் புக்கானனும் கார்டன் டல்லக்கும் கட்டிய பொதுத் தெரிவு (public choice) கோட்பாடு சொல்வது இதைத்தான். அதிகாரிகளும் நம்மைப் போன்ற மனிதர்கள். எங்கிருந்து பணம் வருகிறதோ அந்தத் திசையைப் பார்த்துத்தான் அமைப்பு வளரும். ஆகவே தாராளவாதிகளில் ஒரு பிரிவினர், வேலையைச் சுருக்கி, அந்தச் சுருங்கிய வேலைக்கு முழுப் பணத்தையும் சந்தாவாகவே கட்டிவிடலாம் என்கிறார்கள். சந்தா கட்டாயம், அங்கே வரி கட்டியவருக்கு ஓட்டில்லை, விருப்ப நிதியில் குறைந்தபட்சம் கொடுப்பவர் நிறுத்திக்கொள்ளவாவது முடியும் என்பது இன்னொரு பிரிவு. நான் முதல் பிரிவின் பக்கம். நிறுத்திக்கொள்ளும் உரிமை உறுப்பினர் பதவியிலேயே இருக்கிறது. ஒவ்வொரு ரூபாயிலும் அது இருக்க வேண்டியதில்லை.

பெரிய புகார் எது? ஊழலா?

ஊழலும் வீண்செலவும் இருக்கத்தான் செய்கின்றன. நிறுவனம் பயணங்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 20 கோடி டாலர் செலவழிக்கிறது, எய்ட்ஸ், காசநோய், மலேரியா மூன்றுக்கும் சேர்த்துச் செலவழிப்பதைவிட அது அதிகம் என்று 2017-ல் அசோசியேட்டட் பிரஸ் எழுதியது. அதே ஆண்டு ஜிம்பாப்வே சர்வாதிகாரி ராபர்ட் முகாபேயை நல்லெண்ணத் தூதராக்கிவிட்டு, உலகமே சிரித்ததும் சில நாளில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்ற பழமொழி ஜெனீவாவுக்கும் பொருந்தும். ஆனால் இது எந்தப் பெரிய அமைப்பிலும் உள்ள வியாதி. தாராளவாதியின் உண்மையான புகார் இது இல்லை.

பிறகு எது?

வேலை வழுக்கிப் போவது. ஒட்டும் நோய்க்கு என்று வாங்கிய பணம், மக்கள் என்ன புகைக்க வேண்டும், எவ்வளவு சர்க்கரை போட வேண்டும் என்று அரசுகளுக்கு உபதேசம் செய்வதில் போய் நிற்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் 2005-ல் நடைமுறைக்கு வந்தது. அதன் ஏழாவது மாநாடு 2016 நவம்பரில் டெல்லியை ஒட்டிய கிரேட்டர் நொய்டாவில் நடந்தது. தங்கள் பிழைப்பைப் பற்றி என்ன முடிவெடுக்கிறார்கள் என்று கேட்க வந்த புகையிலை விவசாயிகளைக் கிட்டவே விடவில்லை. பத்திரிகையாளர்களையும் அரங்கிலிருந்து வெளியே அனுப்பினார்கள். தொழில் லாபி உள்ளே நுழைந்துவிடும் என்பது காரணம். அந்த லாபி எவ்வளவு மோசமானது என்பது உலகறிந்தது, மறுக்கவில்லை. ஆனால் வரிப்பணத்தில் நடக்கும் கூட்டத்தை மூடிய கதவுக்குப் பின்னால் நடத்துவதற்கு அது போதுமான காரணமா?

அப்புறம் மின்சிகரெட். இந்தியா 2019-ல் அதை முழுவதும் தடை செய்தது. சாதாரண சிகரெட் மட்டும் பெட்டிக்கடையில் தாராளமாகக் கிடைக்கிறது. அதை விற்கும் ஐடிசியின் பெரிய பங்குதாரர்களில் ஒன்று அரசு நிறுவனமான எல்ஐசி. இந்த நிலையில் உலக சுகாதார நிறுவனம் 2021-ல் அப்போதைய மத்திய சுகாதார அமைச்சருக்குச் சிறப்பு விருது கொடுத்துப் பாராட்டியது. தீங்கு கூடியதைக் கடையில் விட்டுவிட்டு, பெரும்பாலான ஆய்வாளர்கள் தீங்கு குறைந்தது என்று சொல்வதைத் தடை செய்ததற்கு விருது!

தான் நம்பாத கருத்தைப் பரப்ப ஒருவனைப் பணம் கட்டச் சொல்வது பாவமும் கொடுங்கோன்மையும் ஆகும் என்று தாமஸ் ஜெஃபர்சன் வர்ஜீனியாவின் மதச் சுதந்திரச் சட்டத்தில் எழுதினார். 1786-ல் அது நிறைவேறியது. அவர் பேசியது தேவாலயத்தைப் பற்றி. சர்க்கரை வரிக்கும் சிகரெட் வரிக்கும் பிரசாரம் செய்ய வரிப்பணம் கொடுப்பதற்கும் அதே வாதம் பொருந்தும் என்கிறார்கள் தாராளவாதிகள்.

புகையிலையால் சாகிறவர்கள் காலராவால் சாகிறவர்களைவிட அதிகம். அதை விட்டுவிடச் சொல்வது அநியாயமில்லையா?

எண்ணிக்கை உண்மை. விட்டுவிடச் சொல்லவில்லை; அதை ஒவ்வொரு நாட்டின் சட்டமன்றமும் தன் மக்களிடம் கேட்டு முடிவு செய்யட்டும் என்பதுதான் வாதம். சிகரெட் எல்லை தாண்டித் தொற்றுவதில்லை. பக்கத்தில் இருப்பவர் இழுக்கும் புகைக்கு உள்ளூர்ச் சட்டம் போதும்.

நிபுணர்கள் கையில் பணம் கொடுத்தும் தோற்ற கதைகள் உண்டா?

மலேரியா. 1955-ல் உலக அளவில் ஒழிப்புத் திட்டம் அறிவித்தார்கள். டிடிடி தெளித்தால் போதும் என்ற நம்பிக்கை. இலங்கை அதன் பெருமைக்குரிய மாணவன். லட்சக்கணக்கில் இருந்த நோயாளிகள் 1963-ல் வெறும் 17 ஆகக் குறைந்தார்கள். வேலை முடிந்தது என்று தெளிப்பதையும் கண்காணிப்பையும் தளர்த்தினார்கள். 1968, 69-ல் நோய் திரும்பி வந்து 5 லட்சம் பேருக்கு மேல் படுத்தார்கள். கொசுவுக்கோ டிடிடி பழகிப்போனது. 1969-ல் உலகளாவிய ஒழிப்பு இலக்கையே ஓரங்கட்டினார்கள்.

எந்த ஊரில் எந்தக் கொசு, எந்தக் குட்டை, எந்த வேலை நேரம் என்பது அந்த ஊர்க்காரருக்குத் தெரிந்த விஷயம். ஜெனீவாவில் ஒரே திட்டம் போட்டு உலகம் பூராவும் அனுப்பினால் இந்தத் தகவல் வழியிலேயே தொலைந்துபோகும். இது ஹயெக் 1945-ல் பொருளாதாரத் திட்டமிடலைப் பற்றிச் சொன்ன வாதம். பெரியம்மையில் தப்பித்தோம் என்றால், அங்கே மனிதரைத் தவிர வேறு உயிரில் அந்தக் கிருமி ஒளிந்துகொள்ள முடியாது. இலங்கை பிறகு தன் முறையில் மெதுவாக முயன்று 2016-ல் மலேரியா இல்லாத நாடு என்ற சான்று பெற்றது.

சென்னைக்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

நிறைய. ஒரே நோயில் சர்வதேசப் பணத்தின் இரண்டு முகத்தையும் பார்த்த ஊர் இது.

காசநோய் என்றால் ஊருக்கு வெளியே சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும் என்பது அந்தக் காலத்து மருத்துவம். தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தின் பெயர் அதன் மிச்சம். நோயாளிகளின் எண்ணிக்கைக்குப் படுக்கைகள் எந்தக் காலத்திலும் போதவில்லை. 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மெட்ராஸ் அரசு, பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம் நான்கும் சேர்ந்து சென்னையில் ஓர் ஆய்வு மையம் தொடங்கின. சேத்துப்பட்டில் இருக்கும் இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் தொடர்ச்சிதான். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குச் சானடோரியம், மறு பாதிக்கு வீட்டிலேயே மாத்திரை. நெரிசலான ஒரே அறை வீடு, போதாத சாப்பாடு, வேலைக்கும் போக வேண்டும், இத்தனைக்கும் நடுவே வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். வீட்டில் இருந்த மற்றவர்களுக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959-ல் முடிவு வெளியானது. உலகம் முழுவதும் சானடோரியங்கள் காலியானதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அறிவு ஒரு பொதுச் சொத்து. ஒருமுறை காசு போட்டுக் கண்டுபிடித்துவிட்டால் எல்லா நாடும் பயன்படுத்தலாம். தாராளவாதி மறுப்பே இல்லாமல் கையெழுத்துப் போடக்கூடிய செலவு இது.

இன்னொரு முகம் பிசிஜி தடுப்பூசி. 1948-லிருந்து யுனிசெஃப், உலக சுகாதார நிறுவனம் ஆகியவற்றின் ஆதரவோடு அது பெரிய இயக்கமாக நடந்தது. கிண்டியில் மருந்து தயாரித்தார்கள். 1955-ல் ராஜாஜி அதைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். சரியாக நிரூபிக்கப்படாத ஒன்றை லட்சக்கணக்கான குழந்தைகளுக்கு அரசே வேகவேகமாகக் குத்துவதா என்பது அவர் கேள்வி. பழமைவாதி, அறிவியல் தெரியாதவர் என்று சாடினார்கள். 1968-ல் செங்கல்பட்டு மாவட்டத்தில் மிகப்பெரிய அளவில் ஒரு சோதனை தொடங்கினார்கள்; இதிலும் உலக சுகாதார நிறுவனம் பங்காளி. பெரியவர்களின் நுரையீரல் காசநோய்க்கு அந்த ஊசி பாதுகாப்பு தரவில்லை என்று சுமார் பத்தாண்டு கழித்து முடிவு வந்தது.

அவசரப்பட்டு ராஜாஜி ஜெயித்தார் என்று எழுதிவிடக்கூடாது. பச்சிளம் குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயைப் பிசிஜி நன்றாகவே தடுக்கிறது. பிறந்த குழந்தைக்கு இன்றும் போடுகிறோம், போடத்தான் வேண்டும். ஊசி ஆபத்து என்று அவர் பயந்த அளவுக்கு ஆபத்தில்லை. ஆனால் முதலில் சோதித்துவிட்டு, பெற்றோரிடம் கேட்டுவிட்டுப் போடு என்ற கோரிக்கையில் என்ன தவறு இருந்தது என்று இன்றைக்கும் யாரும் விளக்கவில்லை. செங்கல்பட்டுச் சோதனை ஊசி இயக்கத்துக்கு இருபது ஆண்டு கழித்து நடந்தது. வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

தனியார் தர்மமே போதாதா?

பல காரியங்களுக்குப் போதும், போதியும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் பிறக்குமுன்பே ராக்ஃபெல்லர் அறக்கட்டளை உலகம் சுற்றி நோய் ஒழித்தது. இலங்கைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்களை வாட்டிய கொக்கிப்புழுவுக்கு எதிராக 1916-லேயே அவர்கள் வேலை தொடங்கினார்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி 1937-ல் அவர்கள் ஆய்வகத்தில் மாக்ஸ் டைலர் உருவாக்கியது. போலியோவைப் பிடித்துக்கொண்டு 1985-லிருந்து விடாமல் நிற்பது ரோட்டரி சங்கம். நம்மூர்க் கடைக்காரரும் டாக்டரும் சேர்ந்து நடத்தும் அதே ரோட்டரிதான்.

ஆனால் தர்மத்தால் ஆகாத ஒன்று உண்டு. ஒரு நாட்டின் அரசை, உன் ஊரில் என்ன நோய் கிளம்பியிருக்கிறது, சொல் என்று அறக்கட்டளை கேட்க முடியாது. அதற்கு அரசுகளுக்கு இடையே ஒப்பந்தம் வேண்டும்.

அந்த ஒப்பந்தம் இருந்தும் கோவிட்டில் என்ன கிழித்தார்கள்?

கேள்வி நியாயம்தான். 2003-ல் சார்ஸைச் சீனா மறைத்ததால்தான் 2005-ல் சர்வதேச சுகாதார விதிகளைத் திருத்தினார்கள். 2020 ஜனவரி 14 அன்று, மனிதரிலிருந்து மனிதருக்குப் பரவுவதற்குத் தெளிவான ஆதாரம் கிடைக்கவில்லை என்ற சீன அதிகாரிகளின் முதல்கட்ட முடிவை உலக சுகாதார நிறுவனம் அப்படியே ட்விட்டரில் போட்டது. ஜனவரி 30-ல்தான் அவசரநிலை அறிவித்தது. 2009 முதல் 2016 வரை பார்வையாளராக உட்கார வைத்த தைவானை, சீனா முறைத்ததும் வெளியே நிறுத்தியது. நோயை முதலில் மோப்பம் பிடித்தவர்களில் தைவானும் ஒன்று.

உறுப்பு நாட்டைப் பகைத்துக்கொண்டால் உள்ளே போகவே விடமாட்டார்கள் என்பது அதிகாரிகளின் நியாயம். அதில் உண்மை இருக்கிறது. இருந்தாலும், தகவல் மையம் தகவலில் தோற்றுவிட்டால் மற்ற வேலைகளைக் காட்டிச் சமாளிக்க முடியாது.

அப்படியானால் அமெரிக்கா விலகியது தாராளவாத முடிவுதானே?

விலகும் உரிமை தாராளவாதம். விலகிய விதம் அவ்வளவாக இல்லை.

1948-ல் சேரும்போதே, ஓராண்டு முன்னறிவிப்புக் கொடுத்து விலகலாம், ஆனால் நடப்பு நிதியாண்டின் பாக்கியைக் கட்டிவிட வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றம் கூட்டுத் தீர்மானம் போட்டது. நல்ல தீர்மானம், வெளியே போகக் கதவு இருந்தால்தான் உள்ளே இருப்பவர்கள் ஒழுங்காக இருப்பார்கள். 2025 ஜனவரி 20 அன்று அதிபர் உத்தரவில் கையெழுத்தானது. ஓராண்டு கழித்து விலகல் நடைமுறைக்கு வந்தது. 2024, 2025 சந்தாக்கள், கிட்டத்தட்ட 26 கோடி டாலர், கட்டப்படவில்லை. ஒப்பந்தத்தை மதிப்பது தாராளவாதத்தின் அரிச்சுவடி. நாடாளுமன்றம் சேர்த்த அமைப்பிலிருந்து அதிபர் தனி ஆளாக விலகலாமா என்பதும் சட்டத்தின் ஆட்சி பேசுபவர்களுக்கு உறுத்த வேண்டும். சிலருக்கு உறுத்தியது, பலர் கைதட்டினார்கள்.

நிதியை நிறுத்தினால் ஏழை நாடுகளில் ஆட்கள் சாவார்களே?

சாவார்கள். எய்ட்ஸ் மாத்திரையும் காசநோய் மாத்திரையும் நடுவில் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு ஆய்வு தேவையில்லை. பொருளாதார அறிஞர் பீட்டர் பாவர் போன்றவர்கள் பல பத்தாண்டுகளாகச் சொன்னது, வெளிநாட்டு உதவி உள்ளூர் அரசைத் தன் மக்களுக்குப் பதில் சொல்லாமல் கொடுப்பவருக்குப் பதில் சொல்ல வைக்கிறது என்பது. அந்த விமர்சனம் சரியென்றே நினைக்கிறேன். ஆனால் அது திட்டத்தைத் தொடங்கும்போது கேட்க வேண்டியது. பத்து ஆண்டு ஒருவரை மாத்திரையில் வைத்துவிட்டு, ஒரு திங்கட்கிழமை காலையில் கொள்கை நினைவுக்கு வந்தது என்று நிறுத்துவதற்கு அதில் அனுமதி இல்லை. 2025-ல் அமெரிக்க உதவி முகமையை (யுஎஸ்எய்ட்) மூடியபோது நடந்தது அதுதான்.

சரி, மாற்று ஏற்பாடு ஏதாவது காட்டுங்கள்.

அமெரிக்கக் கண்டங்களின் சுகாதார அமைப்பு 1902-லிருந்து இருக்கிறது, உலக சுகாதார நிறுவனத்துக்கு மூத்தது. 1970களின் கடைசியில் அது ஒரு சுழல்நிதி தொடங்கியது. நாடுகள் தங்கள் சொந்தப் பணத்தில் தடுப்பூசி வாங்குகின்றன. எல்லோர் தேவையையும் சேர்த்து மொத்தமாக வாங்குவதால் விலை குறைகிறது. தர்மம் இல்லை, கூட்டாகக் கொள்முதல். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

அதே அமைப்புத்தான் 2013-லிருந்து பிரேசில் கொடுத்த பணத்தைக் கியூப அரசுக்குக் கடத்திவிடும் குழாயாகவும் இருந்தது. பிரேசில் கிராமங்களில் வேலை பார்த்த கியூப மருத்துவர்களின் சம்பளத்தில் பெரும்பகுதியைக் கியூப அரசு எடுத்துக்கொண்டது. மருத்துவர்கள் சிலர் அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனார்கள். சர்வதேச அமைப்பு, எங்களுக்குச் சட்டவிலக்கு உண்டு என்று வாதாடியது. அமைப்பின் பெயரைப் பார்த்துக் காசு கொடுக்காதே, வேலையைப் பார்த்துக் கொடு என்று சொல்வதற்கு இது ஒன்று போதும்.

2025 பெருந்தொற்று உடன்படிக்கை நாட்டின் இறையாண்மையைப் பறிக்கிறதா?

இல்லை. ஊரடங்கு போடவோ தடுப்பூசியைக் கட்டாயமாக்கவோ உலக சுகாதார நிறுவனத்துக்கு அதிகாரம் கிடையாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள்.

இந்தியாவில் இருப்பவர் இதில் கேட்க என்ன இருக்கிறது? பணம் கொடுப்பவர்கள் வெள்ளைக்காரர்கள்தானே?

நாமும் கொடுக்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் பாரம்பரிய மருத்துவத்துக்கான உலக மையம் குஜராத்தின் ஜாம்நகரில் இருக்கிறது. 2022 ஏப்ரலில் பிரதமரும் நிறுவனத்தின் தலைமை இயக்குநரும் சேர்ந்து அடிக்கல் நாட்டினார்கள். இந்தியா அதற்கு உறுதியளித்தது சுமார் 25 கோடி டாலர். மேலே சொன்ன கோட்டை இதன்மேல் வைத்துப் பாருங்கள். மூலிகை எல்லை தாண்டித் தொற்றுகிறதா? சித்தாவையோ ஆயுர்வேதத்தையோ சோதித்துப் பார்க்க ஜெனீவாவின் முத்திரை எதற்கு? இது நோய்த்தடுப்பா, நாட்டின் பெருமைக்கான விளம்பரச் செலவா? இன்ன வேலைக்கு மட்டும் என்று கட்டிக் கொடுத்த பணம் நிறுவனத்தை வளைக்கிறது என்று கேட்ஸ் அறக்கட்டளையைக் குறைசொல்பவர்கள் இதற்கும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும். பெரியம்மைக்கு உலகம் முழுவதும் சேர்ந்து வெளியிலிருந்து போட்டது, அந்தக் கால விலையில்தான் என்றாலும், 10 கோடி டாலருக்குள். ஜாம்நகரில் என்ன முடிந்தால் வேலை முடிந்ததாக அர்த்தம் என்று நம் எம்.பி. யாராவது ஒருமுறை எழுந்து கேட்கலாம்.